டியூப் லைட்டும் கூமுட்டையும்

பஜாரிலிருந்து கீழே இறங்கும் நாற்பத்தேழு படிகளை முடித்தால் முட்டைக்கார ஒலியுல்லாவின் வீடு வரும். படி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சரிவு மண்ணை வெட்டி, கைக்குக் கிடைத்த கல்லைப் பதித்து வைத்திருந்தார்கள். ஒன்று அரை அடி இருந்தால் அடுத்தது முக்கால் அடி இருக்கும். சீசனுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள், அவர்களுக்கு இந்தப் படிகளைப் பற்றி என்ன தெரியும்? ஆடி மாதம் மேகம் இறங்கிவிட்டால் இங்கே குடியிருப்பவர்களுக்கே தங்கள் கால் தங்களுக்குத் தெரியாது.

பேத்துப்பாறை, வில்பட்டி, அடுக்கம் என்று சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்கள் கூடையில் உமி பரப்பி முட்டை கொண்டுவருவார்கள். போதாததற்கு வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வரும். வாங்குவது ஒலியுல்லா, விற்பதும் ஒலியுல்லா. நடுவில் கிடக்கும் சோலி முழுக்க அவர் மனைவி சர்புன்னிசாவுடையது. அந்தச் சோலி இல்லை என்றால் வியாபாரமே இல்லை என்பது ஒலியுல்லாவுக்கும் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொன்னவர் இல்லை.

வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. மண்ணெண்ணெய்ப் புகை படிந்து சுவரெல்லாம் ஒரே கரி. ஜன்னலுக்குச் சாக்குத் திரை. மூலையில் ஒரு பிஸ்கட் தகர டப்பா, அதன் பக்கவாட்டில் எட்டணாக் காசு அளவுக்கு ஓர் ஓட்டை, உள்ளே சிம்னி விளக்கு. அந்த ஓட்டையில் முட்டையைப் பொருத்தி விரலால் ஒரு திருப்புத் திருப்பினால் உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே வந்துவிடும். நல்ல முட்டை செம்மஞ்சளாக, ஒரே சீராகத் துலங்கும். பழசு என்றால் தலைப்பக்கம் காற்று அறை பெரிதாகத் தெரியும். அடைகோழிக்கு அடியிலிருந்து எடுத்து வந்ததாக இருந்தால் சிவப்பு நரம்பு ஓடும். கூமுட்டை கன்னங்கரேல் என்று நிற்கும்.

சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தால் பொழுது விடிவதற்குள் சர்புன்னிசா நூற்றைம்பது முட்டை பார்த்துவிடுவாள். இருபது வருஷப் பழக்கம். “பாயம்மா பார்த்த முட்டையா? அப்ப ஒடைச்சுப் பார்க்க வேண்டியதில்லை” என்று பஜாரில் ஒரு பேச்சு உண்டு. அவள் படி ஏறி பஜாருக்குப் போவது பெருநாளைக்குப் பெருநாள்தான். பெயர் மட்டும் தினமும் மேலே போய் வந்துகொண்டிருந்தது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் சரிவு வீடுகளுக்குக் கரண்டு வந்தது. ஒயர்மேன் தண்டாயுதபாணி பழநிக்காரர், நெற்றியில் பட்டையும் தோளில் ஒயர்ச் சுருளுமாக வந்து நின்றார்.

“பாய், ஒங்க வீட்டுக்கு மூணு பாயிண்டு. எங்கெங்கே போடணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“பண்ணாம இருப்பனா? ஒண்ணு வாசல்லே. நல்லா ஒசரமா, முகட்டுலே. நூறு வாட்டு பல்பு போடுங்க.”

“நூறா? வாசலுக்கு நாப்பதே தாராளமுங்க. நூறு போட்டா மீட்டரு ஓடுற ஓட்டத்துக்கு நீங்களும் கூட ஓடணும்.”

“ஓடுனா ஓடட்டும். பஜார்லே நிக்கிறவன் குனிஞ்சு பார்த்தா ஒலியுல்லா வீடு எதுன்னு தெரியணும்ல.”

“சரி, தெரியட்டும். ரெண்டாவது?”

“அடுப்படிக்கு. அதுக்குப் பதினஞ்சு போதும். சட்டி எங்கே இருக்கு, உப்பு எங்கே இருக்குன்னு அவளுக்குக் கண்ணை மூடிக்கிட்டே தெரியும். மூணாவது முட்டை ரூமுக்கு. அங்கே டியூப்லைட்டு.”

தண்டாயுதபாணிக்கு மூக்கின் மேல் விரல் போனது. “டியூப்பா? லாட்ஜுலேயும் ஆஸ்பத்திரியிலேயும்தான் பாய் நான் மாட்டியிருக்கேன். வெலை கூடச் சொல்லுவான். ஆனா ஒண்ணு, கரண்டு கொஞ்சமாத்தான் திங்கும். நாப்பது வாட்டைத் தின்னுட்டு நூறு பல்பைத் தூக்கி அடிக்கும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து சர்புன்னிசா கேட்டாள். “ஏங்க, அந்த ரூமுக்கு எதுக்குங்க அம்புட்டு வெளிச்சம்? அடுப்படியிலே போட்டாலாச்சும்...”

“நீ சும்மா இரு. இருபது வருசமா அந்தப் பொகையிலே குனிஞ்சு கெடக்கே, கண்ணு என்னத்துக்கு ஆகும்? இனிமே ராணியாட்டம் வெளிச்சத்திலே உக்காந்து பாரு. ஒனக்காகத்தானே போடச் சொல்றேன்.”

இருபது வருஷத்தில் அவர் ‘ஒனக்காக’ என்று சொல்லி வாங்கிய முதல் பொருள் அது. சேலை எடுப்பார், பெருநாளைக்கு என்பார். வளையல் வாங்குவார், கந்தூரிக்கு என்பார். தண்டாயுதபாணிக்கு ஒயர் தெரியும், முட்டை தெரியாது. ஒலியுல்லாவுக்கு முட்டை தெரியும், வெளிச்சம் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

ஒலியுல்லா சும்மா இருக்கிற ஆளா? லைட்டு வருகிற ரூமில் கரி இருக்கலாமா என்று ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்தார். சாக்குத் திரையைப் பிடுங்கிவிட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார். சுவிட்சைப் போட்டதும் டியூப் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. அறை பால் ஊற்றியதுபோல் ஆனது. பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் வந்து பார்த்துவிட்டு, “யாத்தே, இதுலே ஊசி விழுந்தாலும் தேடாமக் கெடைக்கும் போலிருக்கே” என்றாள். ஒலியுல்லா மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் விடிகாலை சர்புன்னிசா டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முட்டையை ஓட்டையில் பொருத்தினாள். ஓடு வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான். திருப்பினாள், அப்போதும் வெள்ளை. சிம்னித் திரியைத் தூண்டிவிட்டாள். மங்கலாக ஏதோ மஞ்சள் தெரிந்ததுபோல் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது.

“டப்பா எதுக்கு இன்னும்? டியூப்புக்கு நேரே தூக்கிப் பிடிச்சுப் பாரேன்” என்றார் ஒலியுல்லா.

பிடித்துப் பார்த்தாள். சுற்றிலும் வெளிச்சம் கண்ணில் அடித்ததே தவிர முட்டை வாய் திறக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் கட்டியது. இத்தனை வெளிச்சத்தில் தெரியவில்லை என்றால் கோளாறு வெளிச்சத்திலா இருக்கும்? அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. இந்த வயதில்தான் பிச்சையம்மாளுக்கு வெள்ளெழுத்து வந்து மூக்குக் கண்ணாடி மாட்டினார்கள். தன் கண் போய்விட்டது என்று சர்புன்னிசா முடிவு கட்டிவிட்டாள்.

வெளியே சொல்லவில்லை. ஆசை ஆசையாக லைட்டு வாங்கிப் போட்ட மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? கை எடையை வைத்தும், காதோரம் ஆட்டிப் பார்த்தும், ஊகத்தில் பிரித்தாள். கொஞ்சம் சரியாக வந்தது. கொஞ்சம் வரவில்லை.

அவர்களுக்கு இருந்ததிலேயே பெரிய வாடிக்கை மலைக்கு மேலே ஒரு போர்டிங் பள்ளிக்கூடம். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை நூற்றைம்பது முட்டை. மழைக்காலத்தில் வேறு வியாபாரம் கிடையாது, அந்த ஒரு கூடைதான் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. அங்கே குசினிக்குப் பட்லர் மயில்சாமி. அந்த வாரம் திங்கட்கிழமை மத்தியானம் ஒலியுல்லா படி இறங்கி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

“என்னங்க?”

“கேக்குக்கு மாவு கலந்து வச்சிருக்கான் மயில்சாமி. முப்பது முட்டையை ஒடைச்சு ஊத்திட்டு முப்பத்தொண்ணாவதை ஒடைச்சிருக்கான். கூமுட்டை. அம்புட்டு மாவும் போச்சு. நாத்தம் தாங்காம மேட்ரனம்மா எறங்கி வந்துட்டாங்களாம்.”

சர்புன்னிசா அவர் கையிலிருந்து வெறுங்கூடையை வாங்கி வைத்தாள்.

“ஒண்ணுதானேன்னு சமாளிச்சுட்டு வந்தேன். பாத்துச் செய்யி” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று. அதில் ஒன்றில் குஞ்சு கட்டியிருந்தது. இந்த முறை மயில்சாமி சத்தம் போடவில்லை, அதுதான் ஒலியுல்லாவுக்கு வலித்தது. “பாய், பழகுன தோசத்துக்கு இன்னும் ஒரு வாரம் பாக்குறேன். அடுத்த கூடையிலே ஒண்ணே ஒண்ணு கெட்டிருந்தாலும் வத்தலக்குண்டு யாவாரிக்கு எழுதிப் போட்டுருவேன். என்னைக் குத்தம் சொல்லக்கூடாது” என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

ஒலியுல்லா அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

“கண்ணு தெரியலியா ஒனக்கு?”

சர்புன்னிசாவுக்கு அழுகை வந்துவிட்டது. “தெரியலேங்க. லைட்டு போட்ட நாள்லேருந்தே தெரியலே. சொல்ல மனசு வரலே.”

“இதுக்கு ஏன் அழுவுறே? வயசானா வர்றதுதான். அய்யம்பாளையத்திலே அக்கா மக நஜீமா சும்மாத்தானே இருக்கா. இந்தக் கூடையை மட்டும் எப்படியாச்சும் பாத்துத் தள்ளிரு, அடுத்த வாரம் போயிக் கூட்டிட்டு வந்துர்றேன். எளங்கண்ணு, வெரசாப் பழகிக்கும். நீ பாடுபட்டது போதும், உக்காந்து சாப்பிடு.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஏசியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்த அறையில் அவள் உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தி உட்காருவாள். பஜாரில் பேச்சு மாறும். தனக்கு இந்த வீட்டில் சோறு ஆக்குவதைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சந்தை நாள். காலையிலிருந்தே தூறல், காற்று. மத்தியானத்துக்கு மேல் கூடையில் நூற்றைம்பது முட்டையையும் உமியில் அடுக்கி மூடி வைத்தாள். ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்திருந்தாள், மூன்று முறையும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அல்லா விட்ட வழி என்று மூடியைக் கட்டினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேகம் பொத்தென்று இறங்கியது. எதிர் வீட்டுக் கூரை காணாமல் போயிற்று. சர்புன்னிசா வாசல் சுவிட்சைப் போட்டாள். முகட்டில் நூறு வாட் பல்பு தகதகவென்று எரிந்தது. ஒலியுல்லா அந்தி மக்ரிபு தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார்.

சற்று நேரத்தில் மேலே படியிலிருந்து ஒரு கூப்பாடு.

“பாயம்மா! ஏ பாயம்மா!”

பேத்துப்பாறை வடிவின் குரல். சந்தைக்கு வந்தால் ராத்தங்கலுக்கு இதே சரிவில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போவாள், போகிற வழியில் முட்டையைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

“வடிவா? இறங்கி வாயேன். லைட்டுதான் எரியுதே!”

“அந்த லைட்டைத்தான் சொல்றேன். மொதல்ல அதை அமத்துங்க தாயி!”

“என்னத்த?”

“லைட்டை அமத்துங்க! அது என் மூஞ்சியிலேயே அடிக்குது. மேகத்துக்குள்ளே அந்தச் சனியன் எரிஞ்சா எல்லாம் வெள்ளையாத்தான் தெரியுது, காலடியிலே கல்லு இருக்கா குழி இருக்கான்னு தெரியலே. பயத்துலே படியிலேயே உக்காந்துட்டேன். தலையிலே முட்டை வேறே!”

சர்புன்னிசா வாசலில் நின்று மேலே பார்த்தாள். உண்மைதான். பல்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு அப்பால் வடிவும் இல்லை, படியும் இல்லை. உள்ளே போய் சுவிட்சை அமர்த்தினாள். முதலில் ஒரே இருட்டு. மெல்ல மெல்லப் படிக்கற்களின் விளிம்புகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. வடிவு பக்கவாட்டில் கையூன்றியபடி விடுவிடுவென்று இறங்கி வந்துவிட்டாள்.

“இப்பத்தான் கண்ணு வந்துச்சு” என்றாள் வடிவு, கூடையை இறக்கி வைத்துக்கொண்டே. “இம்புட்டு லைட்டை வச்சுக்கிட்டு எப்படித்தான் குடும்பம் நடத்துறீங்களோ. முப்பது முட்டை இருக்கு பாயம்மா. நாலஞ்சு அடைகோழிக்கிட்ட இருந்து புள்ளைக எடுத்துருச்சுக, நீங்க பாத்துக் கழிச்சுக்கங்க.”

“இப்ப என்ன சொன்னே?”

“அடைகோழிக்கிட்ட...”

“அது இல்லே. அதுக்கு முன்னாலே.”

வடிவு விழித்தாள். “இப்பத்தான் கண்ணு வந்துச்சுன்னேன். அதுக்கென்ன இப்ப?”

சர்புன்னிசா வடிவின் கூடையைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்குப் போனாள். டியூப்லைட்டை அமர்த்தினாள். கண்ணாடி ஜன்னலில் இன்னும் பொழுதின் வெளிச்சம் மிச்சமிருந்தது, கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்து அதை மூடினாள். டப்பாவுக்குள் சிம்னியை ஏற்றிக் கதவைச் சாத்தினாள். பிஸ்மில்லா சொல்லி ஒரு முட்டையை ஓட்டையில் வைத்தாள்.

செம்மஞ்சள்.

அடுத்தது. செம்மஞ்சள். அடுத்தது, நரம்பு. முட்டைக்குள் சிவப்பாகக் கிளை விட்டுப் பரவியிருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி துடித்ததைக்கூட அவள் பார்த்தாள். ‘யா அல்லா’ என்று அங்கேயே குந்தியபடி அழுதாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை. கதவுக்கு வெளியே நின்ற வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. “முட்டைக்குப் போயி அழுவாகளா பாயம்மா? கழிச்சா கழிச்சுட்டுப் போங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்” என்று சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஒலியுல்லா தொழுகை முடித்து வந்தபோது வீடே இருண்டு கிடந்தது.

“என்ன, கரண்டு போயிருச்சா?”

“இல்லே. நான்தான் அமத்துனேன்” என்று அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. “உள்ளே வாங்க. வந்ததும் கதவைச் சாத்துங்க.”

அவர் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கட்டி வைத்திருந்த கூடை அவிழ்ந்து கிடந்தது. அவள் முகத்தில் ஓட்டை வெளிச்சம் ஒரு பொட்டாக விழுந்திருந்தது.

“என் கண்ணு போகலேங்க. கண்ணு அப்படியே இருக்கு. வெளிச்சந்தான் அதை அமுக்கி வச்சிருந்துச்சு. இந்தா, இதைப் பாருங்க.”

குனிந்து பார்த்தார். முட்டை கன்னங்கரேல் என்று நின்றது.

“கூமுட்டை” என்றார்.

“இப்ப டியூப்பைப் போட்டுட்டுப் பாருங்க.”

போட்டார். அது கண் சிமிட்டி எரிந்தது. அதே முட்டை, அதே ஓட்டை. வெள்ளை ஓடு மட்டும் தெரிந்தது. அமர்த்தினார், கறுப்பு. மறுபடி போட்டார், வெள்ளை. மூன்றாவது தடவையும் போட்டு அமர்த்தினார்.

“நாந்தான் ஒன்னையக் குருடாக்கி வச்சேனா?” என்று கேட்டார்.

“அப்படிச் சொல்லாதீங்க. நீங்க எனக்காகத்தான் வாங்குனீங்க. அது எனக்கு மறக்காது” என்றாள். “எடுத்துக் குடுங்க. காலையிலே கூடை போகணும்.”

அவர் உமியைத் தள்ளி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், அவள் வாங்கி ஓட்டையில் வைத்துத் திருப்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கூடையில் பதினொன்று கெட்டிருந்தது. வடிவு கொண்டுவந்ததில் நல்லதாகப் பதினொன்றை எடுத்து நிரப்பினார்கள்.

திங்கட்கிழமை அவர் கூடையோடு ஏறிப் போனபின் சர்புன்னிசாவுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. உலை வைத்தாள், அரிசி போட மறந்தாள். பார்த்தது சரிதானா, பயத்தில் ஒன்றிரண்டைத் தவறவிட்டோமா என்று மனசு அரித்தது. பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒலியுல்லா வெறுங்கூடையைக் கீழே வைத்தார். வேண்டுமென்றே மெதுவாகத் துண்டை உதறினார்.

“சொல்லுங்களேன்!”

“மயில்சாமி என்னைய எதிர்லேயே நிறுத்தி வச்சு ஒடைச்சான். ஒரு கிண்ணத்திலே ஒடைக்கிறது, மோந்து பாக்குறது, அண்டாவிலே ஊத்துறது. பொரிக்கிறதுக்காம், அம்புட்டுப் பிள்ளைகளுக்கும். நூறு வந்ததும் கை வலிக்குதுன்னு ஒக்காந்துட்டான். நான்தான் விடலே. மிச்சத்தையும் ஒடைடான்னேன்.”

“ஒடைச்சானா?”

“ஒடைச்சான். ஒண்ணுகூட இல்லே. ‘யாரு பாய் பாத்தது, புது ஆளா?’ன்னு கேட்டான். ‘பழைய ஆளுதாண்டா, நாந்தான் நடுவிலே புத்தி கெட்டுப் போயிட்டேன்’னு சொல்லிட்டு வந்தேன்.”

சர்புன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நஜீமாவைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தண்டாயுதபாணியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். ஏணியைச் சாத்திவிட்டு, “மாட்டி ஒரு மாசங்கூட ஆகலே, அதுக்குள்ளே மாத்தணுமா? சொல்லுங்க பாய், எது எங்கே?” என்றார்.

ஒலியுல்லா கையை நீட்டிக்கொண்டு முகட்டைப் பார்த்தார். அப்புறம் கையைக் கீழே போட்டார்.

“என்னையக் கேக்காதீங்க. அவளைக் கேளுங்க. இந்த வீட்டிலே பாக்கத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான்.”

சர்புன்னிசா கதவுக்குப் பின்னால் நின்றாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒயர்மேனைத் தாண்டி, படியில் ஏறினாள். ஆறாவது படியில் நின்று குனிந்து, பக்கத்துக் கல் சுவரில் தன் முழங்கால் உயரத்துக்குக் கையை வைத்தாள்.

“இங்கே. மேலே தகரத்தை மடிச்சு வைங்க, வெளிச்சம் கல்லைப் பாத்து விழணும், வர்றவுக மூஞ்சியைப் பாத்து விழக்கூடாது. பதினஞ்சு பல்பு போதும்.”

தண்டாயுதபாணி சிரித்துவிட்டார். “முழங்காலுக்கு எந்த ஊர்லேம்மா லைட்டுப் போடுறாங்க?”

“மேகம் எறங்குற ஊர்லே” என்றாள் அவள். “டியூப்பைக் கழட்டி அடுப்படியிலே மாட்டுங்க. அரிசியிலே கல்லு பொறுக்கணும், மீன் செதிளு பாக்கணும், அங்கேதான் அது வேணும். முட்டை ரூமுலே டப்பாவுக்குள்ளே மட்டும் ஒரு பல்பு. மத்தபடி அந்த ரூமு இருட்டா இருக்கட்டும்.”

தண்டாயுதபாணி ஒரு வார்த்தைக்கு ஒலியுல்லாவைத் திரும்பிப் பார்த்தார். ஒலியுல்லா அங்கே இல்லை. உள்ளே ஒரு வாளியில் அடுப்புக்கரியைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தார், முட்டை ரூமில் வெள்ளை அடித்த சுவருக்குத் திரும்பவும் பூச.